பின்னணியில் கரைந்த மீன்கொத்தி: ஒரு நீடில்பாயிண்ட் வேலையின் நூல் நிறத் தேர்வு

9 அங்குலச் சதுர நீடில்பாயிண்ட், அதாவது கண்ணுள்ள கேன்வாஸை நூலால் முழுக்க மூடித் தைக்கும் படம். கிளையில் உட்கார்ந்த ஒற்றை மீன்கொத்தி, சுற்றிலும் ஏழெட்டு இலை, மிச்சமெல்லாம் வெறும் பின்னணி. அங்குலத்துக்கு 13 கண் (துளைக் கட்டம்) உள்ள வெள்ளை மோனோ கேன்வாஸ் (ஒற்றை இழை நெசவு), டி.எம்.சி. கம்பெனியின் ஆறிழைப் பருத்தி நூல், முழுக்க டென்ட் தையல், அதாவது சாய்வான சின்னத் தையல். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற வேலை என்பதால் பார்வைத் தூரம் சுமார் 2 மீட்டர்.

தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இழுவை சீராக இருந்தது, பின்பக்கமும் சுத்தம். ஆனால் 9 சதுர அங்குலம் முடிந்த நிலையில் எட்ட வைத்துப் பார்த்தால் பறவையைக் காணோம். ஆரஞ்சுத் திட்டு ஒன்று மட்டும் அந்தரத்தில் தொங்கியது. தலை, முதுகு, இறக்கை எல்லாம் பின்னணியோடு கலந்துவிட்டன. 9 சதுர அங்குலம் என்றால் 1,521 தையல். அத்தனையையும் பிரிக்க வேண்டியதாயிற்று. எதனால் இப்படி ஆயிற்று, நூலை எப்படி மாற்றியது, மாற்றிய பிறகும் எங்கெங்கே இடறியது என்பதைக் கீழே பார்க்கலாம்.

முதல் தேர்வு

ஷேடு கார்டை (கம்பெனியின் நூல் மாதிரி அட்டை) விரித்து, படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பொருத்தமான நிறத்தைத் தேடி எடுத்ததுதான் முதல் தேர்வு. பின்னணிக்கு மங்கிய நீலம் 931 (எண்களெல்லாம் டி.எம்.சி. நிற எண்கள்). முதுகுக்கு மயில்கழுத்து நிறச் சாயலில் 3810, 3809, கூடவே 517. மார்புக்கு 720, 721, 722 என்று ஆரஞ்சு வரிசை. இலைக்கு 700, 702, 704. கிளைக்கு 433, 434, 435. தொண்டையில் உள்ள வெள்ளைக்கு பி5200. கண்ணுக்கும் அலகுக்கும் கருப்பு 310. ஆக மொத்தம் 15 நிறம்.

தனித்தனியே கேட்டால் எந்த நிறத்தையும் தவறென்று சொல்ல முடியாது. மீன்கொத்தி நீலம்தான், இலை பச்சைதான், கிளை பழுப்புதான். ஷேடு கார்டிலும் எல்லாம் அழகாகவே இருந்தன. ஆனால் ஷேடு கார்டில் ஒவ்வொரு நூலுக்கும் சுற்றி வெள்ளை அட்டை இருக்கிறது, கேன்வாஸில் அது கிடையாது. 3810-க்குப் பக்கத்தில் அங்கே இருக்கப்போவது 931. அந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

கருப்பு வெள்ளைப் படம் சொன்னது

தைத்த பகுதியைக் கைபேசியில் படமெடுத்து, நிறத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்ததும் விஷயம் வெட்டவெளிச்சமானது. 931-ம் 3810-ம் ஒரே சாம்பல். 3809, 517 இரண்டும் அதைவிட மயிரிழை கருமை, அவ்வளவுதான். 702 பச்சையும் 721 ஆரஞ்சும் ஒன்றுக்கொன்று மிக அருகில். கிளைக்கு எடுத்த 435-ம் பின்னணிச் சாம்பலும் ஏறக்குறைய ஒன்றே. 310, 433, 700 மூன்றும் இருண்ட பக்கம், 704-ம் பி5200-ம் வெளிர்ந்த பக்கம். மீதியெல்லாம் நடுவில் குவிந்து கிடந்தன.

நிறத்துக்கு மூன்று குணம் உண்டு. நீலமா பச்சையா என்பது ஒன்று. எவ்வளவு வெளிர், எவ்வளவு கருமை என்பது இரண்டாவது; இதை டோன் என்போம். பளிச்சென்று இருக்கிறதா, மங்கலா என்பது மூன்றாவது. நூல் வாங்கும்போது கண் ஓடுவது முதல் குணத்துக்கு. எட்ட நின்று பார்க்கும்போது உருவத்தைப் பிரித்துக் காட்டுவது இரண்டாவது குணம். 13 கண் கேன்வாஸில் ஒரு தையலின் அகலம் 1.95 மில்லிமீட்டர். கூர்மையான பார்வை உள்ளவருக்குக்கூட அது தனித் தையலாகத் தெரிவது ஏறக்குறைய 6.7 மீட்டர் வரைதான், அதுவும் வெள்ளைக்குப் பக்கத்தில் கருப்பு என்பது போல டோன் வித்தியாசம் பலமாக இருந்தால். டோன் ஒன்றாக இருந்து நிறம் மட்டும் வேறாக இருந்தால் அதைவிட வெகு அருகிலேயே இரண்டும் குழம்பிவிடும். நிறத்தின் நுணுக்கத்தைவிட ஒளி-இருளின் நுணுக்கத்தைத்தான் கண் கூர்மையாகப் பிடிக்கும். 2 மீட்டரில் மீன்கொத்தி கரைந்ததற்கு இதுதான் காரணம்.

கைபேசிப் படத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில ஃபில்டர்கள் மாறுபாட்டைத் தாங்களாகவே கூட்டிவிடும், சில நீலத்தைக் கூடுதலாக இருட்டும். கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பார்ப்பது பழைய முறை, அதையும் சேர்த்துச் செய்யுங்கள். இரண்டிலும் கரைகிற ஜோடி கட்டாயம் கேன்வாஸிலும் கரையும்.

மார்பு ஏன் கூச்சலிட்டது

முதுகு மறைந்தது டோனால். மார்பு அளவுக்கு மீறிக் கண்ணைக் குத்தியதற்கோ வேறு காரணம். 721 ஏற்கெனவே பளிச்சென்ற ஆரஞ்சு, அதைச் சுற்றி நீலம். நீலமும் ஆரஞ்சும் எதிர் நிறங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றை ஏற்றிவிடும்.

இதில் ஒரு பழைய வழக்கு உண்டு. பாரிஸில் உள்ள கோபெலின் சித்திர நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-இல் மிஷேல் யூஜீன் ஷெவ்ரேல் என்ற வேதியியலாளர் தலைவரானார். அங்கே வந்த புகார்களில் ஒன்று, நீலமும் ஊதாவுமான பகுதிகளில் நிழலுக்குப் போடும் கருப்புச் சாயத்துக்கு வலு இல்லை, வெளிறித் தெரிகிறது என்பது. வேறு பட்டறைகளின் கருப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. கருப்பைச் சுற்றியிருந்த நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின. பக்கத்து நிறம் பார்வையை மாற்றுவதைப் பற்றிய தன் விதியை 1839-இல் வெளியிட்டார். நூலை மாற்றிக்கொண்டே இருந்தும் தீராத நிறப் பிரச்சினை வந்தால், நூலை விட்டுவிட்டு அதன் அண்டை நிறத்தைப் பாருங்கள்.

பி5200-ம் அதே வகைக் குற்றவாளி. வெளுப்பேற்றிய, நீலச்சாயல் அடிக்கிற வெள்ளை அது. தொண்டைத் திட்டு படத்தில் ஓட்டை விழுந்தது போலத் தெரிந்தது. பறவை, இலை, துணி எதிலும் இயல்பான வெள்ளை வேண்டுமென்றால் 3865 நிதானமான தேர்வு.

பின்னணியிலிருந்து தொடங்கிய இரண்டாம் தேர்வு

81 சதுர அங்குலத்தில் பின்னணி மட்டும் 46. பாதிக்கு மேல். ஆனாலும் பெரும்பாலான வேலைகளில் அதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இங்கே தலைகீழாக்கி, முதலில் பின்னணியை முடிவு செய்து, மற்ற நிறங்களை அதற்கு எதிரே நிறுத்திப் பார்த்தாயிற்று. மூன்று பேர் போட்டியில் இருந்தார்கள்.

முதலாவது 939, கருநீலம். மயில்கழுத்தும் ஆரஞ்சும் அதன்மேல் விளக்குப் போட்டது போல ஒளிர்ந்தன. ஆனால் இலையின் நிழல் பக்கமும் கிளையின் அடிப்பக்கமும் அப்படியே முழுகிவிட்டன. அதோடு வெள்ளைக் கேன்வாஸில் கருநீலம் தைத்தால் தையல்களுக்கு இடையில் கேன்வாஸ் பல்லிளிக்கும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் அடியில் வண்ணம் பூச வேண்டும், அல்லது நிறமேற்றிய கேன்வாஸ் வாங்க வேண்டும். கண்ணுக்கும் 46 சதுர அங்குலம் கருநீலத்தில் துளை தேடுவது நல்லதல்ல.

இரண்டாவது 712, பாலேடு நிறம். எல்லாமே துலக்கமாகத் தெரிந்தது, மிகையாகவே. பறவை கத்தரித்து ஒட்டிய படம் மாதிரி இருந்தது. வெள்ளைத் தொண்டையோ பின்னணியோடு போய்விட்டது.

மூன்றாவது 648, வெளிர் சாம்பல். 1 கருப்பு, 10 வெள்ளை என்று ஏணி போட்டால் இது 7-இல் நிற்கும். மேலே வெள்ளைக்கு இடம் இருக்கிறது, கீழே முதுகுக்கும் இலைக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. ஆரஞ்சு மார்பை ஒட்டிய இடத்தில் இந்தச் சாம்பல் லேசாக நீலம் பாய்ந்தது போலத் தோன்றும். நூலில் நீலம் கிடையாது, ஆரஞ்சு செய்கிற வேலை அது. படத்தில் தண்ணீர் வரையாமலே தண்ணீர்ப் பக்கத்துக் குளிர்ச்சி கிடைத்தது. 648 தேர்வானது.

முதுகின் ஏணி

டி.எம்.சி. எண்கள் வெளிரிலிருந்து கருமைக்கு வரிசையாகப் போகும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. சில குடும்பங்களில் போகும், பலவற்றில் போகாது. பிற்பாடு சேர்க்கப்பட்ட ஷேடுகள் வெகுதூரத்து எண்ணோடு வருகின்றன. ஒரு ரோஜாச் சாயல் குடும்பத்தைக் கருமையிலிருந்து வெளிருக்கு அடுக்கினால் 221, 3721, 3722, 223, 224, 225 என்று வரும். அதனால் எண்ணை நம்பி ஏணி கட்டாதீர்கள், நூலைப் பக்கத்தில் வைத்துக் கட்டுங்கள்.

இந்தப் பறவையின் மயில்கழுத்துக் குடும்பம் 3808, 3809, 3810, 597, 598. ஐந்தையும் வரிசையாகத் தைத்தால் மென்மையாக இறங்கும் என்பது ஆசை. 13 கண்ணில் அது நடக்காது. 3808-க்கும் 3809-க்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. கையில் இருக்கும்போது தெரியும், 2 மீட்டரில் இரண்டும் ஒன்று. ஆறு தையல் அகலமுள்ள இறக்கையில் ஐந்து ஷேடு திணிப்பது நூலுக்கும் உழைப்புக்கும் கேடு. ஒன்று விட்டு ஒன்று எடுப்பது நல்ல தொடக்கம். 3808, 3810, 598 என்று மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இறக்கையின் ஆழமான நிழலுக்கு வேறு குடும்பத்திலிருந்து 823-ஐக் கொண்டுவந்தாயிற்று. ஏணியில் 823 இரண்டாம் படி, 3808 நான்கு, 3810 ஐந்தரை, 598 ஏழரை.

நிழலுக்கு அதே குடும்பத்தின் கருமையான ஷேடையே எடுக்காமல் நீலப் பக்கமாகச் சற்று நகர்ந்ததைக் கவனியுங்கள். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இறங்கினால் இறக்கை பிளாஸ்டிக் மாதிரி தெரியும். நிழல் நீலத்துக்கும் வெளிச்சம் பச்சைக்கும் ஒரு அடி சாய்ந்தால் இறகுக்கு உயிர் வரும்.

மீன்கொத்தியின் முதுகு நடுவில் ஓடும் பளீர் நீலக் கோட்டுக்கு 3845. மொத்தமே 50 தையல். படத்திலேயே மிகப் பளிச்சென்ற நூல் இதுதான், அதனால்தான் இவ்வளவு குறைவு. முதல் தேர்வில் 702, 704, 720, 721, பி5200 என்று ஐந்து நூல்கள் ஒரே சமயத்தில் முன்னே வந்து நின்றன.

ஓர விதி

புதிய தேர்விலும் ஒரு சறுக்கல் வந்தது. 598-ஐ முதுகின் மேல்விளிம்பில், வெளிச்சம் படுகிற ஓரமாகப் போட்டதும் அந்த விளிம்பு காணாமல் போனது. காரணம் பழையதேதான்: 598-ம் 648-ம் டோனில் ஒட்டி நிற்பவை. நூலை மாற்றவில்லை, இடத்தை மாற்றியதும் சரியாயிற்று. 598-ஐ இரண்டு தையல் உள்ளே தள்ளி, விளிம்பை 3810-ஆல் கட்டியதும் உருவம் திரும்பி வந்தது. வயிற்றின் வெளிர் ஆரஞ்சு 402-க்கும் இதே கதி, இதே வைத்தியம். பின்னணியின் டோனில் உள்ள நூல் உருவத்துக்குள்ளே இருக்கலாம், உருவத்தின் ஓரத்தில் இருக்கக் கூடாது.

மார்பு, இலை, கிளை

மார்புக்கு 720 வரிசையை விட்டு, செங்கல் சாயல் அடிக்கிற 920, 922, 402. இவை ஷேடு கார்டில் சற்று மந்தமாகத்தான் தெரியும். நீலத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் தானே எழும்பும். அந்த எழும்பலுக்கு இடம் விட்டு எடுக்க வேண்டும். கால்களுக்குத் தனி நூல் வாங்காமல் 920-ஐயே பயன்படுத்தியதால், அந்த நிறம் படத்தில் இன்னொரு இடத்திலும் எதிரொலிக்கிறது.

இலைப்பச்சையில்தான் அனேகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். 700, 702 போன்ற கிளிப்பச்சைகள் துணை வேடத்துக்கு ஆகாதவை. 934, 3362, 3364 மூன்றும் பாசிப்பச்சைப் பக்கம் சாய்ந்தவை, மங்கல், அதனால் பறவைக்குப் பின்னால் போய் நிற்கும். கிளைக்கு 3021, 640 இரண்டே போதும். செம்பழுப்பான 433 வரிசை மார்பின் ஆரஞ்சோடு உறவாடி, கண்ணைக் கீழே இழுத்தது. சாம்பல் கலந்த இந்தப் பழுப்புகள் அப்படி இழுக்கவில்லை.

மாதிரித் தையல்

மொத்தமாக வாங்குவதற்கு முன்பு சுருக்கப் பட்டியலில் உள்ள நிறங்களை ஒவ்வொரு கண்டு (நூல் சுருள்) எடுத்துக்கொண்டு, கேன்வாஸின் ஓரத்திலேயே தைத்துப் பார்ப்பதற்கு நிகரான சோதனை இல்லை. 9 அங்குலப் படத்துக்கு 13 அங்குலக் கேன்வாஸ் வெட்டினால் நாலு பக்கமும் 2 அங்குலம் மிஞ்சும். அங்கே ஒவ்வொரு நிறத்திலும் 6-க்கு 6 தையலில் ஒரு கட்டம். கட்டங்களுக்கு நடுவில் வெள்ளை இடைவெளி விடக் கூடாது. விட்டால் மறுபடி ஷேடு கார்டுதான். படத்தில் எது எதற்கு அண்டையோ அதே அண்டையில் தையுங்கள். 922-ஐச் சுற்றி 648, 598-ஐ ஒட்டி 3810, 934-க்குப் பக்கத்தில் 3021.

அட்டையில் நூலைச் சுற்றிப் பார்ப்பதும் உதவும், ஆனால் அது இரண்டாம்பட்சம். பருத்தி நூலுக்கு மினுமினுப்பு உண்டு. சுற்றிய நூலில் எல்லா இழையும் ஒரே திசையில் படுத்து ஒளியைத் திருப்பும். டென்ட் தையலில் ஒவ்வொரு தையலும் சின்ன மேடு, பக்கத்தில் சின்ன நிழல். அதே நூல் வேறு முகம் காட்டும். அட்டையில் சுற்றுவதானால் படத்தில் உள்ள பங்கின்படி சுற்றுங்கள். 648 நூற்றைம்பது சுற்று, 3845 ஒரே சுற்று என்ற கணக்கில் பார்த்தால்தான் அட்டை உண்மை பேசும்.

எந்த வெளிச்சத்தில்

2700 கெல்வின் மஞ்சள் விளக்கின் கீழ் 823-ஐயும் 310-ஐயும் பிரித்துச் சொல்வது கடினம். இரவில் தைக்கிறவர்கள் இறக்கை நிழலுக்குள் ஓரிரு வரி கருப்பைத் தைத்துவிட்டுக் காலையில் தலையில் கைவைப்பது இதனால்தான். ஒரு விளக்கில் இணைந்து தெரிகிற இரு நூல்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து தெரிவதும் உண்டு. வேறு வேறு சாயக் கலவையில் ஒரே நிறத்தை எட்டியவை அவை. வெவ்வேறு கம்பெனி நூல்களையோ, கம்பளியையும் பருத்தியையுமோ கலக்கும்போது இது அதிகம்.

தேர்வு செய்வது வெயில் நேரே விழாத ஜன்னல் வெளிச்சத்தில். உறுதி செய்வது படம் மாட்டப்போகும் இடத்து விளக்கில். இரண்டிலும் தேறிய ஜோடிதான் தேறியது. தைக்க விளக்கு வாங்குவதானால் 5000 கெல்வினை ஒட்டியதாக, சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேற்பட்டதாகப் பாருங்கள். கணினித் திரையில் பார்த்து ஷேடு முடிவு செய்வது வேண்டாத வேலை.

எத்தனை கண்டு

பின்னணி நூல் பாதியில் தீர்ந்துபோவதை விடக் கொடுமை இந்தத் தொழிலில் குறைவு. கணக்கு கடினமல்ல. டென்ட் தையலை மூலைவாட்டு வரிசையாகப் போடும் பாஸ்கெட்வீவ் முறையில் ஒரு தையலுக்கு முன்பக்கம் ஒரு கண்ணின் மூலைவிட்டம், அதாவது 1.41 கண், பின்பக்கம் 2 கண். கூட்டினால் 3.41. ஒரு சதுர அங்குலத்தில் 169 தையல், கண் ஒன்று 1/13 அங்குலம். ஆக 44 அங்குலம், சுமார் 1.13 மீட்டர். நூலின் பருமன், தொடக்கமும் முடிவும், பிரித்துத் தைப்பது இவற்றுக்குக் கால் பங்கு சேர்த்தால் 1.4 மீட்டர். கிடை வரிசையாகப் போடும் கான்டினென்டல் முறையில் பின்பக்கம் 2.24 கண் போகும், அதனால் சற்றுக் கூடுதல் நூல் பிடிக்கும். வேறு கண் எண்ணிக்கைக்கும் இதே வழிதான்: அங்குலத்துக்கான கண் எண்ணிக்கையை 3.41-ஆல் பெருக்கி, கால் பங்கு கூட்டினால் ஒரு சதுர அங்குலத்துக்கு வேண்டிய நூல் அங்குலக் கணக்கில் கிடைக்கும்.

13 கண்ணில் ஆறிழையும் சேர்த்தே தைப்பதால் 8 மீட்டர் கண்டு ஒன்று 5.7 சதுர அங்குலத்துக்கு வரும். இந்த வேலையின் கணக்கு இப்படி நின்றது:

648, பின்னணி, 46 சதுர அங்குலம்: கணக்குக்கு 8 கண்டுக்குச் சற்று மேல், வாங்கியது 10.
3362, நடு இலை, 6 சதுர அங்குலம்: ஒன்று போதாது, எனவே 2.
3364 நான்கு, 934 மூன்று, 640 மூன்றரை, 3808 மூன்றரை, 3810 மூன்று, 823 இரண்டரை, 3021 இரண்டரை, 922 இரண்டேகால் சதுர அங்குலம்: தலா 1.
920, 402, 598, 3845, 3865, 310: ஒன்றரை சதுர அங்குலமோ அதற்குக் குறைவோ, தலா 1.

ஆக 16 நிறம், 26 கண்டு. பின்னணிக் கண்டு பத்தையும் ஒரே தடவையில் வாங்குங்கள். லேபிளில் சாயத் தொகுதி எண் இருந்தால் பத்திலும் ஒன்றா என்று பாருங்கள். கம்பளி நூலில் தொகுதி வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மீறித் தீர்ந்துபோய், புதுக் கண்டு அரை ஷேடு தள்ளி வந்தால், நேராகத் தொடராமல் பழையதில் மூன்று இழை, புதியதில் மூன்று இழை சேர்த்து ஓர் அங்குல அகலத்துக்குத் தைத்து, பிறகு புதியதுக்கு மாறுவது தப்பிக்கும் வழி. பழைய நூலில் அதற்கென்று நாலைந்து முழம் மிச்சம் இருக்கும்போதே சுதாரித்துக்கொள்ள வேண்டும்.

தைக்கும்போது நிறத்தைக் கெடுப்பவை

பிரித்த கேன்வாஸில் 517-இன் நீலத் துகள் துளைதோறும் ஒட்டியிருந்தது. இடுக்கியால் பெரியவற்றையும், ஒட்டுநாடாவால் பொடியையும் எடுத்த பிறகுதான் 648 சுத்தமாக விழுந்தது. பிரித்த நூலைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. மினுக்கம் போய், அதே எண்ணே வேறு ஷேடு மாதிரி தெரியும்.

கேன்வாஸைத் தையலின் நடுவில் கால் சுற்றுத் திருப்பினால் தையலின் சாய்வு எதிர்ப்பக்கம் மாறிவிடும். அந்தத் திட்டு மட்டும் வேறு நூலில் தைத்தது போல ஒளிரும். அரைச் சுற்றுத் திருப்பினால் பாதகமில்லை. படத்தின் மேல்பக்கம் எது என்று ஓரத்தில் குறித்துவைப்பது இதற்காகத்தான்.

934, 823 இரண்டும் கேன்வாஸைப் பல்லிளிக்க வைத்தன. ஆறு இழையையும் ஒவ்வொன்றாக உருவிப் பிரித்து, மறுபடி சேர்த்து, 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் போகாமல் தைத்ததும் முக்கால்வாசி மூடிக்கொண்டது. பிரித்துச் சேர்த்த இழைகள் தட்டையாகப் படுக்கும், அதிக இடத்தை மூடும். மிச்சத்துக்கு, அந்தப் பகுதியில் மட்டும் முன்கூட்டியே நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தை அதே நிறத்தில் மெல்லியதாகப் பூசி உலரவிட வேண்டும். துளை அடைபடக் கூடாது. படம் வரைந்த பேனா எதுவானாலும் ஈரப் பஞ்சால் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். முடிந்த வேலையை நனைத்து இழுத்துச் சதுரமாக்கும்போது மை கசிந்து வெளிர் சாம்பலில் ஏறினால் மீட்பு கிடையாது.

நூல் சாயத்துக்கும் அதே சோதனை. கருநீலம், செம்பழுப்பு, கருப்பு ஆகியவற்றில் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணி மடிப்புக்குள் வைத்து ஒரு மணி நேரம் பாரம் ஏற்றுங்கள். துணியில் கறை இருந்தால் கண்டைக் குளிர்ந்த நீரில் நீர் தெளியும் வரை அலசி உலர்த்திவிட்டுத் தையுங்கள். தைத்த பிறகு கசிந்தது தெரிந்தால் உலரவே விடாதீர்கள். குளிர்ந்த நீரில் அலசிக்கொண்டே இருங்கள். உலர்ந்த கறை நிலைத்துவிடும்.

இரண்டு நிறம் சந்திக்கும் துளையில் ஊசி காலித் துளை வழியே மேலே வரட்டும், ஏற்கெனவே நூல் உள்ள துளை வழியே கீழே இறங்கட்டும். எதிர்மாறாகச் செய்தால் 310-இன் பொடி 648-இன் முகத்தில் வந்து உட்காரும். வெளிர் பின்னணியில் இருண்ட நூலை முடிச்சிட்ட வாலோடு பின்னால் நீள இழுத்துப் போவதும் கூடாது, முன்பக்கம் நிழலாகத் தெரியும்.

கடைசியாகப் பறவையின் கண். 310-இல் 3-க்கு 3 தையல், அதில் மேல் வரிசையில் வெளிச்சம் வரும் பக்கத்து மூலையில் ஒரே ஒரு 3865. எல்லாம் முடிந்த பிறகு அந்த வெள்ளையைப் போடலாம் என்று துளையை விட்டுவைத்தால், ஒட்டியுள்ள கருப்புத் தையல்கள் பருத்து இடத்தை நெருக்கி, வெள்ளை ஒரு நூலிழையாகச் சுருங்கும், கருப்புப் பொடி ஒட்டிச் சாம்பலாகவும் தெரியும். அதனால் இந்த ஒரு இடத்தில் வெள்ளைதான் முதலில். ஆறிழையும் தட்டையாகப் படுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு அதைச் சுற்றிக் கருப்பை எழுப்ப வேண்டும்.